சேர்ந்து போகும் பைக்குகள், தனித்தனிப் பாலிசிகள்

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமிருந்து கிளம்பும் பைக் குழுக்கள் எல்லாமே மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுவதில்லை. சில ஏலகிரி வரை போகின்றன. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவதில் உள்ள சுகம் உண்மையானது. அதை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் சாலையில் ஒரே குழுவாகத் தெரியும் பத்துப் பேரைச் சட்டமும் காப்பீடும் பத்துத் தனி ஆட்களாகத்தான் பார்க்கின்றன. கிளம்பும்முன் இதை யோசிப்பவர்கள் குறைவு.

குழுவாகப் போனால் விழுந்தால் தூக்க ஆள் இருக்குமே என்பார்கள். இருக்கும்தான். ஆனால் விழ வைப்பதும் பல நேரம் அந்தக் குழுவின் வேகம்தான். முதல் பைக் வளைவைத் தாண்டி ஆக்சிலேட்டரை முறுக்கும்போது கடைசி ஆள் இன்னும் வளைவுக்குள்ளேயே இருக்கிறார். பின்தங்கிவிடக் கூடாதென்று அவரும் முறுக்குகிறார். அதே வளைவில் வேகம் இரு மடங்கானால் டயருக்கு நான்கு மடங்கு பிடிமானம் வேண்டும். மணல் சிதறிய மலைச்சாலை அதைத் தராது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44 சதவீதத்துக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். வளைவில் ஒற்றை வரிசை, அவரவர் வேகம், காத்திருப்பது வளைவு முடிந்து அகலமான இடத்தில் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது அனுபவசாலிகளுக்கும் தேவை.

“எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறது” என்ற பதில் இன்னும் கவலை தருவது. எந்த இன்ஷூரன்ஸ்? வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில் பின்சீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு பேக்கேஜ் பாலிசி வேண்டும். எதிரே யாருமில்லாமல், தன் தவறால் தானே விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு தர 2025 ஜூலையிலும் அந்த நீதிமன்றம் மறுத்தது. மலை வளைவில் சறுக்கி விழுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட விபத்துதான். அங்கே கைகொடுப்பது 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பீடு. பாலிசியோடு சேர்ந்து வரும் அது, செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டுமே. நண்பர்கள் வழியில் பைக்கை மாற்றி ஓட்டிப் பார்ப்பது ரைடுகளில் சகஜம். அந்த அரைமணி நேரத்தில் இருவருமே அந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறார்கள். ஆளுக்கொரு தனி விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டால் யார் வண்டியில் இருந்தாலும் அது கூடவே வரும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 108. தமிழக எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் இருக்கிறது. போலீஸ் விவகாரமாகுமே என்று தயங்கும் வழிப்போக்கரையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. வேறொரு வண்டி மோதியிருந்தால் எஃப்.ஐ.ஆர். நகல், மோதிய வண்டியின் எண், பாலிசி விவரம், சிகிச்சை ரசீதுகள் ஆகியவற்றைச் சேர்த்து ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அதற்காக ஏலகிரி இருக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. அடையாறுவாசிக்கு அது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றம்.