தைமசில் டி உயிரணு வளர்ச்சி

டி உயிரணு என்பது நோயெதிர்ப்புக்கு இன்றியமையாத வெள்ளையணு வகைகளுள் ஒன்றாகும். இதன் முன்னோடிகள் எலும்பு மச்சையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடைகின்றன. தைமசின் இப்பணியை 1961 இல் ஜாக் மில்லர் எலிகளில் கண்டறிந்தார்.

சமிக்ஞைப் புரதங்கள்

தைமசுக்குள் நுழையும் முன்னோடி உயிரணுவின் போக்கைச் சமிக்ஞைப் புரதங்கள் தீர்மானிக்கின்றன.

1. நாட்ச் 1: முன்னோடியை டி உயிரணு வழியில் செலுத்துகிறது. இது இல்லாத எலிகளின் தைமசில் பி உயிரணுக்களே உருவாவது 1999 இல் காட்டப்பட்டது.
2. இன்டர்லியூக்கின்-7: இளம் உயிரணுக்கள் பிழைக்கவும் பெருகவும் உதவுகிறது.
3. டி உயிரணு ஏற்பி: உடலின் சொந்தப் புரதத் துண்டுகளுடன் மிதமாகப் பிணையும் உயிரணு பிழைக்கிறது. பிணையாததும், மிக வலுவாகப் பிணைவதும் பெரும்பாலும் இறக்கின்றன. இச்சமிக்ஞையை எல்சிகே, சாப்-70 ஆகிய நொதிகள் உயிரணுவின் உட்புறம் கடத்துகின்றன.

குறைபாடு

இன்டர்லியூக்கின்-7 ஏற்பியின் ஒரு பகுதியான காமா சங்கிலிக்குரிய மரபணு எக்ஸ் நிறப்புரியில் உள்ளது. அது பழுதானால், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு ஏற்படுகிறது. இந்தியாவில் பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் உள்ள உயிருள்ள நுண்ணுயிரே இக்குழந்தைகளின் உடலெங்கும் பரவக்கூடும். ஆகவே நோயை விரைந்து கண்டறிதல் அவசியமாகும்.

எலும்பு மச்சை மாற்றம் இதற்கான முதன்மைச் சிகிச்சையாகும். கொடையாளரின் குருத்தணுக்களிலிருந்து தோன்றும் முன்னோடிகள் குழந்தையின் தைமசை அடைந்து, இதே படிநிலைகளைக் கடந்து டி உயிரணுக்களாகின்றன. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1986 இல் எலும்பு மச்சை மாற்றச் சிகிச்சையைத் தொடங்கியது.