ஒற்றைக் குழல் துப்பாக்கி வாங்கும் முன்: மலையடிவார விவசாயிகள் கவனத்துக்கு

பிசான நெல் பால் பிடிக்கும் நேரத்தில், ஒரே ராத்திரியில் வயலை உழுது போட்டுவிட்டுப் போய்விடுகிறது பன்றிக்கூட்டம். வாழை என்றால் கன்றைக் கிழங்கோடு தோண்டித் தின்கிறது. பாபநாசம், மணிமுத்தாறு, கடையம், களக்காடு என மலையடிவாரம் முழுக்க இதே பேச்சுதான். பேச்சின் நடுவே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வாங்கினா என்ன? எங்க தாத்தா வச்சிருந்தாரே!"

தாத்தாக்கள் வைத்திருந்தவற்றில் ஒரு வகை, நடுவில் மடக்கித் திறந்து, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு, மூடிச் சுடுகிற ஒற்றைக் குழல் துப்பாக்கி. விவசாயிக்கு ஏற்ற எளிய துப்பாக்கி அதுதான். அதை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கீழே சொல்கிறோம். ஆனால் கடைக்காரரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

10 கிலோமீட்டர் கணக்கு

முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 1988-ல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 34 சொல்வது இது: ஒரு சரணாலயத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள், தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் புதிதாக ஆயுத உரிமம் கொடுக்கக் கூடாது. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சமவெளிக்காரர்களும் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். நாங்குநேரி பக்கம் உள்ள கூந்தன்குளமும் சரணாலயம்தான், பறவைகளுக்கானது என்றாலும். அந்த வட்டத்துக்குள் வசித்துக்கொண்டு ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களும் தங்கள் பெயரை வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தோமா என்று ஒருமுறை பழைய காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். துப்பாக்கி உரிமம் வேறு, வேட்டை அனுமதி வேறு. ஆட்சியர் தரும் உரிமம், துப்பாக்கியை வைத்திருக்கத்தான். காட்டுப்பன்றி இப்போது சட்டத்தின் 2-ம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழிக்கிறது என்றாலும், பிரிவு 11-ன்படி அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து அனுமதி இல்லாமல் அதைக் கொல்ல முடியாது. மயிலும் யானையும் 1-ம் அட்டவணை; அந்தப் பக்கம் குழலைத் திருப்பவே கூடாது.

மலைக்கு மேற்கே, கேரளத்தில், 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பன்றி சுட வழி செய்தார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே அப்படி இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும். மலையை ஒட்டித்தானே நமக்குத் தொல்லை அதிகம், அங்கே சுடக் கூடாது என்றால் என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்க வேண்டிய இடம் குறைதீர் கூட்டம், வயல் வரப்பு இல்லை.

எனவே பன்றியை ஒழிக்க என்று மட்டும் நினைத்துப் பணம் போடுகிறவர்கள், இந்த இடத்திலேயே நின்று யோசித்துக்கொள்வது நல்லது. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன், பாதுகாப்புக்கு வேண்டும் என்பவர்களும், குடும்பத் துப்பாக்கியை உரிமத்தோடு மாற்ற வேண்டியவர்களும் மேலே படியுங்கள்.

எந்த வகை?

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 13, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று முதலில் சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அலுவலருக்குத் தோன்றினால், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்பக்கம் வழவழப்பான வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். மடக்கித் திறக்கும் 12 போர் ஒற்றைக் குழல் இதில்தான் வருகிறது. விண்ணப்பத்தில் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள்.

ரைபிள் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதன் குழலுக்குள் சுருள் வரி வெட்டியிருக்கும். ஒற்றைக் குண்டு சுழன்றுகொண்டு ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் பாயும். தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் வீடும் கால்வாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. அடுத்த வயலில் காவலுக்குப் படுத்திருப்பவர் யார் என்று இருட்டில் உங்களுக்குத் தெரியாது. 12 போர் ரவை 30, 40 மீட்டர் வரைதான் பலன் தரும். அதற்காக அலட்சியமும் கூடாது. பெரிய ரவை சில நூறு மீட்டர் போய் விழும்.

ஒற்றைக் குழலின் பெரிய நன்மை, மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் கண்ணால் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கும் நிம்மதி.

பழைய துப்பாக்கியைப் பார்க்கும் முறை

முதலில் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வெளிச்சம் வட்ட வட்டமாக ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் வட்டம் கோணினால் அங்கே நெளிவோ வீக்கமோ இருக்கிறது. வீங்கிய குழலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தாலும் அப்படியே.

பிறகு மூடி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீல் இருக்கும் இடத்தில் 'கடகட' என்று ஆடினால் பூட்டு தேய்ந்துவிட்டது. சுடும்போது அங்கே பிளந்தால் நெருப்பும் புகையும் உங்கள் முகத்துக்குத்தான் வரும். சுத்தி பாதி ஏற்றிய நிலையில் நிற்கிறதா, விசையைத் தொட்டால் விழுகிறதா என்று பாருங்கள்; விழுந்தால் பழுது பார்க்காமல் தொடக் கூடாது. மரக்கட்டை கைப்பிடி அருகே மெலிந்த இடத்தில் விரிசல் விடும், அதையும் தடவிப் பாருங்கள்.

பலருக்கும் தெரியாத ஆபத்து தோட்டாவின் நீளம். பழைய சீமைத் துப்பாக்கிகள் பல இரண்டரை அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்யப்பட்டவை. இன்று கிடைப்பவற்றில் 70 மில்லிமீட்டர் தோட்டா உண்டு. அது சுடாத நிலையில் பழைய குழலுக்குள்ளும் சரியாக உட்கார்ந்துவிடும். நீங்களும் பொருந்துகிறது என்று நம்பிவிடுவீர்கள். சுட்டதும் அதன் முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். குழலின் அடிப்பக்கத்து முத்திரைகளை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டி, எந்தத் தோட்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குழல்மேல் பாய் பின்னல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால் அது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்தது. கரிமருந்துக் காலத்துச் சரக்கு. அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது.

குழலின் எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் சரிபாருங்கள். ஒரு எண் மாறியிருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கியவர்தான்.

தாத்தாவின் துப்பாக்கி

உரிமதாரர் இறந்துவிட்டால், துப்பாக்கியைப் பரணில் வைத்துக்கொண்டு இருக்க முடியாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொண்டு, வாரிசு பெயரில் உரிமம் கேட்க வேண்டும். ஆயுத விதிகள் 2016-ன்படி, உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வாரிசுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்; புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை.

வாங்கிய பிறகு நடக்கும்போது மடக்கித் திறந்தே தூக்குங்கள். வரப்பு தாண்டும்போதும் வாய்க்கால் இறங்கும்போதும் தோட்டா உள்ளே இருக்கக் கூடாது. நெடுநாள் சுவரில் சாய்த்து வைத்த குழலில் குளவி கூடு கட்டியிருக்கும், சேறு அடைத்திருக்கும். அதைப் பார்க்காமல் சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனிப் பூட்டில் வையுங்கள்.

துப்பாக்கி கிடைக்காதென்று மின்வேலிக்கும் அவுட்டுக்காய்க்கும் போகாதீர்கள். முதலில் மாட்டுவது காவலுக்குப் போன மனிதரும் மேய்ச்சலுக்குப் போன மாடும்தான். பயிர் சேதமானால் அன்றைக்கே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.