புலம்பெயர்ந்தோரும் பொது மருத்துவமும்: செலவும் காத்திருப்பும்

மருந்து என்னும் அதிகாரத்திலே திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டினார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அவை. இந்நான்கும் ஓரிடத்திற் கூடினால் நோய் தீரும் என்பது பண்டையோர் துணிபு. இக்காலத்திலோ இந்நான்கையும் ஒன்றுகூட்டுதல் பெரும்பாலும் அரசின் கடமையாகிவிட்டது. ஆதலின் ஐந்தாவதாக ஒரு வினாவும் எழுகின்றது. கூட்டுவதற்கு ஆகும் செலவை யார் இறுப்பது? கூடும் வரையும் நோயாளி எத்துணைக் காலம் பொறுத்திருப்பது?

இவ்வினாவுக்கு நாடுகள் தரும் விடை ஒன்றன்று. 1983 ஆம் ஆண்டின் பின்னர்த் திருகோணமலையை விட்டுப் பிரித்தானியா, கனடா முதலிய நாடுகளிற் குடியேறிய எம்மவர் அவ்வேறுபாட்டைத் தம் உடம்பினாலேயே கற்றுக்கொண்டனர். பிள்ளைகளைக் காணச் செல்லும் முதிய பெற்றோர் அதனை இன்றும் கற்று வருகின்றனர். அதன் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் நாட்டு வழக்கம்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளிற் பெறப்பட்ட கட்டணம் 1951 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்தது; 1977 இல் அதுவும் கைவிடப்பட்டது. குச்சவெளியிலிருந்தோ மூதூரிலிருந்தோ புறப்படும் நோயாளி முன்பதிவு எதுவுமின்றித் திருகோணமலை வைத்தியசாலைக்கு வரலாம். துண்டு எடுத்து, வரிசையில் நின்று, வைத்தியரைக் கண்டு, அன்றைக்கே மருந்தும் பெற்று மீளலாம். அவர் பெரிதும் இழப்பது ஒரு நாட்கூலி. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுமுன், துறையைக் கடக்கும் நேரமும் அவ்விழப்பிற் சேர்ந்திருந்தது.

காத்திருக்க இயலாதவர், காலையில் அரசாங்க வைத்தியசாலையிற் பணிபுரியும் அதே நிபுணரை மாலையில் தனியார் நிலையத்திற் பணங்கொடுத்துக் காண்பர். இதனைச் 'சனல் பண்ணுதல்' என்பது மக்கள் வழக்கு. அரசாங்க மருந்தகத்தில் இல்லாத மருந்தை வெளியே வாங்குவதும் புதிதன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அது பெருந்துயராகவே மாறிற்று. ஆகவே எம்மவர் மனத்திற் பதிந்த முறை இதுதான்: வாயில் எவர்க்கும் திறந்திருக்கும், பொழுது கழியும், பணமிருப்பின் குறுக்குவழியும் உண்டு. இம்மூன்றையும் மனத்திற் கொண்டே அவர்கள் பிறநாட்டு வைத்தியசாலையின் வாயிலில் நிற்கின்றனர்.

பிரித்தானிய முறை

1942 இல் வெளிவந்த பெவரிட்ச் அறிக்கையின் கருத்துகளை அடியொற்றி, சுகாதார அமைச்சர் அனியூரின் பெவனின் முயற்சியால், 1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் திகதி பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. செலவைப் பெரும்பாலும் வரிப்பணமே தாங்குகின்றது. எனினும் எல்லாம் இலவசமென்று கொள்ளுதல் பிழை. 1952 இலேயே மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் புகுந்துவிட்டது. இங்கிலாந்தில் 2024 ஆம் ஆண்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண் கட்டவேண்டியிருந்தது. 16 வயதுக்குட்பட்டோரும் 60 வயதை அடைந்தோரும் இதிலிருந்து விலக்குப் பெறுவர். ஸ்கொத்லாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் இக்கட்டணம் இல்லை.

புதிதாக வருவோர் அறியவேண்டிய பெருஞ்செலவு வேறொன்று. 2015 ஆம் ஆண்டு ஏப்பிரலில், குறிப்பிட்ட கால அனுமதியுடன் வருவோர்மீது ஆண்டுக்கு 200 பவுண் சுகாதார மேற்கட்டணம் விதிக்கப்பட்டது. 2024 பெப்ரவரியில் அது வளர்ந்தோர்க்கு 1,035 பவுணாகவும், மாணவர்க்கும் சிறுவர்க்கும் 776 பவுணாகவும் உயர்ந்தது. அனுமதிக் காலம் முழுமைக்கும் முற்பணமாகவே கட்டவேண்டுமாதலால், அவ்வீதப்படி ஐந்தாண்டு அனுமதி பெறும் கணவனும் மனைவியும் விண்ணப்பிக்கும்போதே 10,350 பவுண் கொடுக்கவேண்டியவராவர். பின்னர் வேலை செய்து வரியும் இறுப்பர். சுகாதாரப் பணியாளர்க்குரிய விசாவில் வருவோர்க்கு இதில் விலக்கு உண்டு.

கனடிய முறை

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் ரொமி டக்ளஸ் என்பாரின் தலைமையில் 1947 இல் வைத்தியசாலைக் காப்புறுதியைத் தொடங்கிற்று. 1962 இல் அம்மாகாணத்தில் வைத்தியர் கட்டணமும் பொதுக்காப்புறுதியுள் வந்தது. 1966 ஆம் ஆண்டின் சட்டம் இம்முறை நாடெங்கும் பரவ வழிசெய்தது. 1984 ஆம் ஆண்டின் கனடிய சுகாதாரச் சட்டமோ, காப்புறுதிக்குட்பட்ட சிகிச்சைக்கு நோயாளியிடம் மேலதிகப் பணம் பெறுவதை அனுமதிக்கும் மாகாணத்துக்கு மத்திய அரசின் நிதியைக் குறைத்தது. எம்மவர் பழகிய குறுக்குவழி அங்கு பெரும்பாலும் அடைபட்டமைக்குக் காரணம் இதுவே. கையிற் பணம் இருந்தாலும் நிபுணரின் வரிசையில் முன்னே செல்ல அது உதவாது.

எம்மவர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், புதிதாகக் குடியேறியோர் சுகாதார அட்டைக்கு மூன்று மாதம் காத்திருக்கும் விதி 2020 மார்ச்சில் நீக்கப்பட்டது. அட்டை உள்ளவர் வைத்தியருக்கோ வைத்தியசாலைப் படுக்கைக்கோ பணம் கொடுப்பதில்லை. ஆனால் வெளியில் வாங்கும் மருந்து, பல் வைத்தியம், மூக்குக்கண்ணாடி என்பன வளர்ந்தோர் பலர்க்கு அக்காப்புறுதியுள் அடங்கா. அம்புலன்ஸ் வண்டிக்குக்கூட, அட்டை உள்ளவர் 45 டொலர் கொடுக்கும் வழக்கம் உண்டு. இலங்கையில் 2016 இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை இலவசமானது என்பதை நோக்க, செல்வநாட்டில் எல்லாம் இலவசம் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பது விளங்கும்.

காத்திருப்பின் இலக்கணம்

இவ்விரு நாடுகளிலும் நிபுணரிடம் செல்லும் வழி குடும்ப வைத்தியரூடாகவே அமைகின்றது. அவர் கடிதம் எழுதினாலன்றி நிபுணரின் வாயில் பொதுவாகத் திறவாது. ஆகையால் நோய் வந்தபின் வைத்தியரைத் தேடுவதன்று, வந்திறங்கியவுடன் பதிந்துகொள்வதே முறை. இதனை அறியாதார் சிறு காய்ச்சலுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவை நாடி, இரவு முழுதும் அமர்ந்திருந்து மனங்கசந்து மீள்வர்.

அக்கசப்பிற்குக் காரணம் வரிசையின் இயல்பை அறியாமையே. எம் வெளிநோயாளர் பிரிவில் முன்வந்தவர் முன்செல்வர். அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவில் நோயின் கடுமையே வரிசையை வகுக்கும். கனடாவில் இதற்கு ஐந்து படிகள் உண்டு. உயிர் போகும் நிலையிலுள்ளவர் முதற்படி. அவர் உடனே கவனிக்கப்படுவார். மிக எளிய நோயுடையவர் ஐந்தாம் படி. நெஞ்சுநோவுடன் பின்னால் வந்தவர் முன்னே அழைக்கப்படும்போது, முழங்கால் நோவுடன் காத்திருப்பவர் தம் நிறத்தையோ மொழியையோ காரணமாகக் கருதிவிடுகின்றார். வேற்றுமை பாராட்டுதல் எங்கும் இல்லையென்று நாம் கூறவில்லை. ஆனால் காத்திருப்பு யாவும் அதனால் விளைவதன்று.

எனினும் காத்திருப்பு உண்மையான துன்பமே. இங்கிலாந்தில் நிபுணர் சிகிச்சை 18 வாரத்துள் தொடங்கவேண்டுமென்ற இலக்கு 2016 இற்குப் பின்னர் எட்டப்படாது பல்லாண்டுகள் கழிந்தன. 2023 செப்டெம்பரில் அந்நாட்டின் காத்திருப்புப் பட்டியல் ஏறத்தாழ 77 இலட்சத்தைத் தொட்டது. கனடாவில், குடும்ப வைத்தியரின் கடிதம் முதல் சிகிச்சை வரையுமான இடைநிலைக் காலம் 1993 இல் 9.3 வாரமாயிருந்து 2024 இல் 30 வாரமாயிற்று எனப் பிரேசர் நிறுவனம் கணித்தது. விலையை நீக்கிய இடத்தில் காலமே விலையாகின்றது. மணிக்கூலிக்குத் தொழிற்சாலையில் நிற்பவருக்கு, முழங்கால் சத்திரசிகிச்சைக்கான ஏழு மாதம் ஏழு மாத ஊதியமாகவும் இருத்தல் கூடும்.

வரிசைக்கு வெளியே நிற்போர்

வரிசையில் நிற்பவரினும் இரங்கத்தக்கவர் வரிசையிலேயே சேர்க்கப்படாதவர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட 155 தமிழரைப் போன்று அகதிகளாய் வந்தோர்க்கெனக் கனடாவில் தனிச் சுகாதாரத் திட்டம் ஒன்று இருந்தது. 2012 இல் அது வெட்டிக் குறைக்கப்பட்டது. அச்செயல் கொடியதும் வழக்கத்துக்கு மாறானதுமான நடத்துகை எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 2014 இல் தீர்ப்பளித்தது. 2016 இல் திட்டம் முழுமையாக மீட்கப்பட்டது. உரிமை என்பது ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இன்று எம் ஊரவரை நேரே தொடுவது பெற்றோரின் நிலையாகும். 2011 டிசெம்பரில் கனடா தொடக்கிய நீண்டகால விசாவிற் செல்லும் பெற்றோர், குறைந்தது 100,000 டொலர் பெறுமதியான தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். பிரித்தானியாவுக்கு வருகைதரும் முதியவர் அவசர சிகிச்சைப் பிரிவில் இலவசமாகக் கவனிக்கப்படினும், வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் வழமையான செலவின் ஒன்றரை மடங்கு அவரிடம் கோரப்படலாம். கட்டணத்தைக் குறைக்க நீரிழிவையும் இருதய நோயையும் காப்புறுதிப் படிவத்தில் மறைப்பவர் உளர். மறைத்தது வெளிப்பட்டால் நிறுவனம் பணம் தர மறுக்கும். ஒருவார வைத்தியசாலை வாசம் பிள்ளைகளின் பல்லாண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். அதனினும் கொடியது, பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாதென்று நோவைச் சொல்லாது பொறுத்திருத்தல்.

சொல்லும் சிகிச்சையும்

கடுமையைக் கொண்டு வரிசை வகுக்குமிடத்தில் நோயாளியின் சொல்லே அளவுகோலாகின்றது. எம் முதியோர் நோவைக் குறைத்துச் சொல்லுதலைப் பண்பெனக் கொள்வர். 'பெரிதாக ஒன்றுமில்லை' என்ற சொல் மொழிபெயர்க்கப்பட்டால், அவர் ஐந்தாம் படிக்கே செல்வார். பேரப்பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்குவதும் தீது. பாட்டி தன் உடம்பின் அந்தரங்கத்தைப் பத்து வயதுச் சிறுவனிடம் கூறாள். பிரித்தானியச் சுகாதார சேவையில் உரைபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம்.

பிறநாடு செல்வோர் இங்கேயே செய்யத்தக்கனவும் சில உள. கிளினிக் கொப்பியையும் நோய் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியர் கடிதத்தையும் உடன்கொண்டு செல்க. மருந்துகளை நிறுவனப் பெயராலன்றிப் பொதுப்பெயரால் எழுதி வைத்துக்கொள்க. 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை நிறுவ உழைத்த பேராசிரியர் சேனக பிபிலே எம் நாட்டில் வற்புறுத்தியதும் இப்பொதுப்பெயரையே. அப்பெயரை எந்நாட்டு வைத்தியரும் அறிவர். காப்புறுதிப் படிவத்தில் உள்ள நோயை உள்ளவாறே கூறுக.

செலவும் காத்திருப்பும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்று தாழ்ந்தால் மற்றது உயர்வது இயல்பு. எந்நாடும் இரண்டையும் முற்றாக நீக்கிவிடவில்லை. நீக்க இயலாதவற்றை வறியவர்க்கும் செல்வர்க்கும், இருப்பவர்க்கும் வந்தவர்க்கும் நேர்மையாகப் பகிர்ந்தளிக்கின்றதா என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் மருத்துவத்தை மதித்தல் தகும். அவ்வளவுகோலை எம் நாட்டின் வைத்தியசாலைக்கும் நாம் பிடித்துப் பார்த்தல் வேண்டும்.