அம்பு, வளரி, தோட்டா: வேட்டைக் கருவி மாறும்போது மார்க்கம் கேட்கும் கேள்வி

துப்பாக்கி ஏந்திய கை ஒன்று வளரி வீசக் கற்றுக்கொண்ட வரலாறு மதுரைச் சீமைக்கு உண்டு. 1795ஆம் ஆண்டளவில் இப்பகுதியில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் கும்பினிப்படை அதிகாரி, தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வெளியான தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். தேர்ந்த கையில் வளரி நூறு கெஜத்திற்குள் குறி தவறாது என்றும் வியந்துள்ளார். அதே அதிகாரி 1801இல் மருது சகோதரர்களை எதிர்த்த படையில் வந்தது வரலாற்றின் கசப்பு.

உலகெங்கும் பெரும்பாலும் நடந்தது இதற்கு நேர்மாறானது. எய்தும் எறிந்தும் வேட்டையாடிய கைகளே துப்பாக்கியைப் பழகின. அவ்வாறு கருவி மாறியபோது முஸ்லிம் வேட்டைக்காரர் உலமாப் பெருமக்களிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வந்தார்: தோட்டா பட்டு இறந்த பிராணி ஹலாலா?

கூர்முனையும் அடியும்

அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டையில் ஈடுபாடு மிக்க நபித்தோழர். இறகில்லாத வேட்டைக் கோலைப் பற்றி அவர்கள் வினவியபோது, அதன் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம் என்றும், அதன் அகலப்பகுதி தாக்கிக் கொன்றதை உண்ணலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அடிபட்டுச் செத்ததைத் திருமறையின் 5:3 வசனமும் விலக்குகிறது.

இந்த அளவுகோலை நம் ஊர்க் கருவிகளில் வைத்துப் பாருங்கள். 'பிஸ்மில்லாஹ்' கூறி எய்த அம்பு துளைத்து, நாம் நெருங்குமுன் பிராணி இறந்துவிட்டாலும் அது ஆகுமானது. வளரியோ துளைப்பதில்லை, அடிக்கிறது. அதனால் வீழ்ந்த முயலை உயிர் இருக்கும்போதே அறுத்தாலன்றி உண்ண இயலாது.

தோட்டா எந்த வகை? இங்குதான் இமாம்கள் கருத்து வேறுபட்டார்கள். ஈயக்குண்டுக்குக் கூர்மையில்லை, அது வேகத்தின் அழுத்தத்தாலேயே கொல்கிறது என்று கூறி, அறுக்கப்படாததை விலக்கினார்கள் ஹனஃபி சட்ட மேதை இப்னு ஆபிதீன் அவர்கள். அது உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார்கள் யமன் நாட்டு இமாம் ஷவ்கானி அவர்கள். ஐயம் தீர்க்கும் வழி ஒன்றே: பிஸ்மில்லாஹ் கூறிச் சுடுவது, விரைந்து அணுகுவது, உயிர் இருக்கையில் அறுப்பது. இறந்து கிடந்தால் தம் மத்ஹபின் ஆலிமைக் கேட்பது.

வில்லாளி துப்பாக்கி பழகும்போது

வேட்டைக்கு முறையான உரிமம் தரும் அமெரிக்கா போன்ற நாடுகளில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இது ஏட்டுக் கேள்வியன்று. அங்கே மான் வேட்டைக்கு வில்லுக்கென ஒரு பருவமும் துப்பாக்கிக்கென ஒரு பருவமும் வகுத்துள்ள மாநிலங்கள் பல. வில் பழகியவர் துப்பாக்கியை எடுக்கும்போது, மூச்சடக்கமும் அசையாத நிலையும் அவருக்குத் துணை நிற்கும். ஆனால் விரல்களைத் தளர்த்தி நாணை விட்டவர், இனி விசையை மெல்ல மெல்ல அழுத்தக் கற்க வேண்டும். வெடியோசைக்கும் தோளில் விழும் உதைப்புக்கும் அஞ்சி, சுடுமுன்னரே உடல் துள்ளும் பழக்கத்தையும் வெல்ல வேண்டும்.

இவற்றினும் பெரிய மாற்றம் தொலைவு. வில்லாளி முப்பது, நாற்பது கெஜத்திற்குள் பொறுமையுடன் நெருங்கியாக வேண்டும். குறி தவறினாலும் அம்பு வெகுதொலைவு போவதில்லை. 'பாயின்ட் 22' எனப்படும் சிறு துப்பாக்கியின் தோட்டாவோ ஒரு மைலுக்கும் அப்பால் செல்ல வல்லது. ஆகவே இலக்கின் பின்னால் இருப்பது மண்மேடா மனிதரா என்று அறியாமல் விசையைத் தொடலாகாது. தொலைவிலிருந்து சுடுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. காயம்பட்ட பிராணி ஓடி மறைந்து துடித்துச் சாகும். அம்பு பட்டுத் தண்ணீரில் விழுந்து இறந்ததை உண்ணலாகாது, கொன்றது எது என்பது தெரியாது என்று அதீ (ரலி) அவர்களுக்கு நபிகளார் கூறியதை நினைவிற்கொள்க. கத்தியுடன் உரிய நேரத்தில் சென்று சேரக்கூடிய தொலைவே நமக்கு எல்லை.

நம் ஊரில்

மதுரையைச் சூழ்ந்த கண்மாய்க் கரைகளிலும் அழகர்மலை, நாகமலை அடிவாரங்களிலும் முயலும் கௌதாரியும் மயிலும் வாழ்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வேட்டையாடுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. வில்லானாலும் வலையானாலும் துப்பாக்கியானாலும் அச்சட்டத்தின் முன் ஒன்றே. உரிமமற்ற நாட்டுத்துப்பாக்கி 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தனிக்குற்றம்.

எனவே நள்ளிரவில் நண்பர் கொண்டுவந்து தரும் பொட்டலம் அடுப்படிக்கு வருமுன், இல்லத்தரசிகள் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: இது எப்படி இறந்தது? இதைக் கொல்ல உரிமை தந்தவர் யார்? பிஸ்மில்லாஹ் கூறியதாகச் சொல்வது முதல் கேள்விக்கே முழு விடையாகாது. இரண்டாவதற்கோ அது விடையே அன்று.

எறிதிறனைப் பழகுமாறு நபி (ஸல்) அவர்கள் ஊக்கப்படுத்தினார்கள். உயிருள்ள ஒன்றை வெறும் இலக்காக நிறுத்துவதைத் தடுத்ததும் அவர்களே. நம் இளைஞர்கள் அத்திறனை முறையான பயிற்சிக்களத்தில், காகித இலக்கின் முன் வளர்த்துக்கொள்ளட்டும். கருவியின் வலிமை கூடக்கூட அதை ஏந்துபவரின் பொறுப்பும் கூடுகிறது. அப்பொறுப்பை உணர்ந்து, ஹலாலானதை மட்டுமே உண்டு வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.