எச்சமும் தொடர்ச்சியும்

இசைவல்ல கந்தர்வரின் பெயரைத் தாங்கிய கந்தர்வக்கோட்டையில் வாழும் நாம், இசைவாணர் ஒருவரின் கதையை ஈண்டு எண்ணிப் பார்ப்பது பொருத்தமே.

கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி' 1985-இல் வெளிவந்து, சுகாசினி, இளையராஜா, சித்ரா ஆகியோர்க்குத் தேசிய விருதுகளை ஈட்டித் தந்தது. முடிவில் சிந்து, தான் பெற்ற குழந்தையை மகப்பேறற்ற பைரவியிடம் ஒப்படைத்து விடைபெறுகிறாள். பின்னர் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்பதைப் படம் கூறவில்லை. கூறாமையே அத்தியாகத்தின் கனத்தைப் பார்ப்போர் நெஞ்சில் ஏற்றியது.

அக்கதையின் தொடர்ச்சியாக 2003-இல் பாலசந்தரே 'சஹானா' என்னும் தொடரை ஜெயா தொலைக்காட்சியில் வழங்கினார். சிவகுமார் ஏற்ற ஜே.கே.பி. வேடத்தை ஒய்.ஜி. மகேந்திரன் ஏற்றார். திறமைக்குக் குறைவில்லை, எனினும் நமக்கு எஞ்சியது ஏமாற்றமே. திரைப்படம் ஒரே அமர்வில் முடிவை எய்துவது. தொடரோ முடிவைத் தள்ளிவைத்தே வாழ்வது. ஒவ்வொரு பகுதிக்கும் புதிய சிக்கல் வேண்டும். ஆதலின் நிறைவுற்ற தியாகம் மீண்டும் வழக்காகிவிடுகிறது.

தொல்காப்பியர் எச்சம் பத்தனுள் குறிப்பெச்சத்தையும் வைத்தார். சொல்லாது விட்டதைக் கேட்போர் உணர்ந்து கொள்வர் என்பது அதன் அடிப்படை. அவ்விடத்தைப் படைப்பாளரே நிரப்பினால் நமக்குரிய பங்கு பறிபோகிறது. எழுத விழையும் மாணவச் செல்வங்கள் எங்கே நிறுத்துவது என்பதையும் கற்றல் வேண்டும்.