அரிசிமாவில் பாண்: கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்குப் பாண் பெரிய உதவியாக இருந்து வந்துள்ளது. அடுப்பு மூட்ட வசதியில்லாத நாளிலும் ஒரு இறாத்தல் பாணும் சிறிது சம்பலும் பிள்ளைகளின் பசியை ஆற்றிவிடும். போர்க்கால உலர் உணவுப் பங்கீட்டிலும் அரிசியோடு கோதுமை மா இருந்தது. ஆனால் எம்மிடையே சிலருக்கு இந்தக் கோதுமையே நோயைத் தருகிறது. நெல் விளைவித்த குடும்பங்களுக்கு அரிசிமா புதிதல்ல. அந்த மாவிலேயே பாண் செய்யும் முறையை, இயந்திரம் உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் பயன்படும்படி இங்கே தருகிறோம்.

கோதுமை யாருக்குக் கூடாது?

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. சீலியாக் என்ற நோய் உள்ளவரின் உடல் இப்புரதத்தைப் பகையாகக் கருதி எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பில் சிறுகுடலின் உட்சுவர் பழுதடைகிறது. உண்ட உணவின் சத்து உடலில் சேராது. தொடர்ந்த வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், நிறை கூடாமை, வளர்ச்சி குன்றல், மாறாத இரத்தச்சோகை என்பன இதன் அறிகுறிகள். இவை முகாம் வாழ்க்கையில் வேறு காரணங்களாலும் வருவதால் நோய் மறைந்துபோக இடமுண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். உணவை முன்கூட்டியே மாற்றினால் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகலாம். நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்க்க வேண்டும். அதுவே மருந்து.

பஞ்சம் காட்டிய உண்மை

இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்பதை நிலைநாட்டியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர். போருக்கு முன்னரே அவருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. பாண் கிடைக்கவில்லை. மக்கள் பூக்கிழங்குகளைக்கூட உண்டு உயிர் பிழைத்தனர். மற்றப் பிள்ளைகள் மெலிந்துகொண்டிருக்க, சீலியாக் நோயுள்ள பிள்ளைகள் தேறினர். பாண் மீண்டும் வந்தபோது அவர்களின் நோயும் திரும்பியது. டிக்கே இதனை ஆராய்ந்து 1950இல் தமது ஆய்வேட்டில் எழுதினார். பசித்தோருக்கு நல்ல மனத்தோடு கொடுக்கப்படும் உணவும் ஒருசில பிள்ளைகளுக்குத் தீங்காகலாம் என்பதை நிவாரணம் வழங்குவோரும் நினைவில் வைத்தல் நல்லது.

அரிசிமா ஏன் பொங்குவதில்லை?

கோதுமை மாவைக் குழைத்து, நீரில் அலசிப் பாருங்கள். வெண்மை கரைந்தபின் இறப்பர் போன்ற ஒரு பசை கையில் மிஞ்சும். அதுவே குளூட்டன். ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவை இப்பசை பலூனைப் போலப் பிடித்து வைப்பதால் பாண் பொங்குகிறது. அரிசிமாவில் இப்பசை இல்லை. எவ்வளவு குழைத்தாலும் வாயு வெளியேறிவிடும்.

ஆயினும் எமது அப்பத்தைப் பாருங்கள். புளித்த அரிசிமாக் கரைசல் சட்டியில் வேகும்போது துளைதுளையாக வருகிறதல்லவா? ஆகவே அரிசிப் பாணுக்கு மா ரொட்டிக்குப் போலக் கட்டியாக இருக்கக்கூடாது. தடித்த கரைசலாக இருக்க வேண்டும். அதில் வாயுவைப் பிடித்து வைக்க மூன்று பொருட்கள் உதவும்: காய்ச்சிய அரிசிமாக் கூழ், முட்டை, மருந்துக்கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி.

மா தயாரித்தல்

பச்சையரிசியே ஏற்றது. புழுங்கலரிசி மா அதிக நீரை உறிஞ்சும், பாண் பாரமாகும். வறுத்த மாவும் வேண்டாம். அரிசியை 4 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பி, மேலீரம் போனதும் இடித்து மெல்லிய அரிதட்டில் அரித்தெடுக்கவும். ஊறிய அரிசி இலகுவில் நொருங்குவதால் அதன் மாப்பொருள் அதிகம் சிதைவதில்லை. இவ்வாறு சிதைவு குறைந்த மாவில் பசை எதுவும் சேர்க்காமலே பாண் பொங்கும் என்பதை 2017இல் யப்பானின் ஹிரோஷிமாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினர். ஈரமா பழுதாகிவிடும். அன்றே பயன்படுத்துங்கள், அல்லது வெயிலில் நன்கு உலர்த்துங்கள்.

தேவையானவை

அரிசிமா 300 கிராம்
ஈஸ்ட் 1 தேக்கரண்டி
சீனி 1 மேசைக்கரண்டி
உப்பு முக்கால் தேக்கரண்டி
எண்ணெய் 1 மேசைக்கரண்டி
முட்டை 1 (அல்லது இசப்கோல் உமி 1 மேசைக்கரண்டி)
நீர் ஏறக்குறைய 275 மில்லிலீற்றர்

செய்முறை

1. மாவில் 3 மேசைக்கரண்டி எடுத்து 150 மில்லிலீற்றர் நீரிற் கரைத்து, சிறுதீயில் துழாவிக் கூழாகக் காய்ச்சவும். கைச்சூடு வரும்வரை ஆறவிடவும்.

2. மீதி நீரை இளஞ்சூடாக்கி, சீனியும் ஈஸ்டும் கலந்து 10 நிமிடம் வைக்கவும். நுரைக்காவிட்டால் ஈஸ்ட் பழையது, வேறு வாங்கவும்.

3. மா, உப்பு, கூழ், எண்ணெய், அடித்த முட்டை, ஈஸ்ட் நீர் யாவற்றையும் சேர்த்து அகப்பையால் 5 நிமிடம் நன்கு அடிக்கவும். தோசை மாவிலும் தடிப்பாக, அகப்பையிலிருந்து பட்டையாக விழும் பதம் வேண்டும். ஈரமாவுக்கு நீர் குறைவாகவும், உலர்ந்த மாவுக்கோ இசப்கோல் சேர்த்தாலோ சற்றுக் கூடுதலாகவும் தேவைப்படும்.

4. எண்ணெய் பூசிய கேக் தட்டில் அரைவாசிக்கு ஊற்றி, மூடிவைக்கவும். எமது வெப்பத்தில் 30 முதல் 40 நிமிடம் போதும். ஒன்றரை மடங்கு பொங்கியதும் வேகவைக்க வேண்டும். இரு மடங்காகும்வரை காத்திருந்தால் நடுவில் அமிழ்ந்துவிடும்.

5. ஆவியில் அவிப்பதானால் இட்லிச் சட்டியில் 40 நிமிடம். மூடியின் கீழ் ஒரு துணி கட்டினால் நீர் சொட்டாது. சுடுவதானால் அடிகனத்த பெரிய சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் தட்டை வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் இட்டு 45 முதல் 50 நிமிடம். ஈர்க்கால் குத்தினால் ஒட்டாமல் வரவேண்டும்.

6. ஒரு மணி நேரம் ஆறியபின்பே வெட்டவும். சூட்டில் வெட்டினால் கத்தியில் ஒட்டும்.

அரிசிப் பாண் மறுநாள் இறுகிவிடும். மீண்டும் ஆவியில் வைத்தால் இளகும். கோதுமைப் பாணிலும் இதிற் புரதம் குறைவாதலால் பருப்பு, முட்டை, மீன் என்பவற்றோடு உண்ணுங்கள்.

பாண் இயந்திரம் இருந்தால்

வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பாண் இயந்திரம் சில வீடுகளில் இருக்கலாம். முதலில் கூழும் நீரும் முட்டையும் எண்ணெயும், பின் மாவும் உப்பும் சீனியும், கடைசியாக ஈஸ்டும் இடவேண்டும். வழக்கமான பாண் சுற்றில் இயந்திரம் பொங்கிய மாவை அமிழ்த்தி மறுபடி பொங்கவிடும். அரிசிமா இரண்டாம் முறை பொங்காது. ஆகவே குளூட்டன் இல்லாத பாணுக்குரிய சுற்றைத் தெரிவு செய்யுங்கள். அது இல்லாவிடின், குழைக்கும் வேலை முடிந்ததும் நிறுத்தி, 40 நிமிடம் பொங்கவிட்டு, வேகவைக்கும் சுற்றை மட்டும் இயக்குங்கள். குழைக்கும்போது மூலைகளில் ஒட்டும் மாவை மரக்கரண்டியால் வழித்துவிட வேண்டும். கோதுமைப் பாண் செய்த இயந்திரத்தை நோயாளிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் துடுப்பிலும் இடுக்குகளிலும் மா தங்கியிருக்கும்.

சிறு துகளும் தீங்கு

சீலியாக் நோயாளிக்குச் சிறிதளவு கோதுமையும் கூடாது. கோதுமை அரைத்த ஆலையில் அரிசியை அரைப்பிக்க வேண்டாம். உரலில் இடிப்பதே நல்லது. அரிதட்டும் அகப்பையும் புறம்பாக இருக்கட்டும். கடைப் பிட்டு, அப்பம், இடியப்பத்திலும் கோதுமை மா கலப்பதுண்டு. கூட்டுப் பெருங்காயம், ரவை, மோல்ட் பானங்கள், சோயா சோஸ் என்பவற்றிலும் கவனம் தேவை. பொதியில் எழுதியிருப்பதை வாசியுங்கள்.

நற்கருணை அப்பமும் கோதுமையாற் செய்யப்படுவதே. கத்தோலிக்க திருச்சபையின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி குளூட்டன் அறவே இல்லாத அப்பம் ஏற்கப்படாது. மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள அப்பம் ஏற்கப்படும். அதுவும் ஒத்துக்கொள்ளாதவர் திராட்சை இரசத்தை மட்டும் பெறலாம். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

முகாமிலோ பொதுச் சமையலிலோ இந்நோயுள்ள பிள்ளை இருந்தால் வைத்தியரின் கடிதத்தோடு கிராம அலுவலரிடமும் நிவாரணக் குழுவிடமும் தெரிவித்து, மாவுக்குப் பதிலாக அரிசி கேளுங்கள். இது சலுகையன்று, அப்பிள்ளையின் தேவை. அயலவரும் இதை அறிந்திருக்க வேண்டும். அன்போடு நீட்டும் ஒரு பிஸ்கற்றே பிள்ளையை மறுபடி நோயில் தள்ளக்கூடும்.