தடித்த சில்லுத் துவிச்சக்கரவண்டி

மணலிலும் உறைபனியிலும் சாதாரணத் துவிச்சக்கரவண்டியின் சில்லுகள் புதைந்துவிடும். இக்குறையை நீக்கவே அமெரிக்காவின் அலாஸ்காவிலும் நியூ மெக்சிக்கோவிலும் தடித்த ரயர் பூட்டிய வண்டிகள் உருவாயின. 2005ஆம் ஆண்டில் சர்லி நிறுவனத்தின் ‘பக்ஸ்லி’ விற்பனைக்கு வந்தபின் இவை பரவின. பின்னர் அந்நாட்டுப் பல்பொருள் அங்காடிகளும் இவ்வகை வண்டிகளை மலிவாக விற்கலாயின.

இதன் சூட்சுமம் காற்றிலே உள்ளது. ரயர் நிலத்தின்மீது செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதனுள்ளிருக்கும் காற்றின் அழுத்தமேயாகும். சுமார் 4 அங்குல அகலமுள்ள ரயரில், சதுர அங்குலத்துக்கு 8 இறாத்தல் அளவே காற்றிருப்பின், அது பரந்து படிந்து மணலில் புதையாது செல்லும். அதே காற்றுடன் தார் வீதியில் ஏறினால் மிதிப்பவரின் கால் சோர்ந்துவிடும். அங்கே இருமடங்கு காற்று வேண்டும்.

மலிவான வண்டியை வாங்கியவர் உடனே ஏறிவிடலாகாது. முன்சில்லைத் தாங்கும் கவை முன்பின் மாறிப் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. அச்சுக் குண்டுகள் கிறீஸின்றி இறுகியிருக்கலாம். சில்லுக் கம்பிகள் தளர்ந்திருக்கலாம். இவற்றைச் சீர்செய்து, சுரைகளை முடுக்கி, பிறேக்கைச் சோதிக்கச் சில சாவிகளும் ஒரு மாலைப்பொழுதும் போதும். விலையுயர்ந்த உறுப்புகளை மாற்றப் புகுந்தாலோ, செலவு வண்டியின் விலையையே விஞ்சிவிடும். மிச்சம்பிடித்த பணத்துக்கு ஈடாக இவ்வுழைப்பைக் கொடுக்க மனமில்லாதவர், அவ்வண்டியில் இறக்கம் இறங்காதிருப்பதே நன்று.